வெளிச்சத்துக்கு வந்தால்தான் வேலை!

கே: வெளிச்சம் போட்டே புற்றுநோயை அழிக்கிறார்களாமே? வெயிலில் நின்றால் போதாதா? (வேலூர் வாசகர்)

ப: வெயிலே மருந்தென்றால் உங்கள் ஊரில் மே மாதம் ஆஸ்பத்திரிகளைப் பூட்டிவிடலாம். முதலில் ஒளிக்கு மசிகிற மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். உணவுக்குழாய்ப் புற்றுக்குத் தரும் போட்டோஃப்ரின் என்றால் 40 முதல் 50 மணி நேரம் காத்திருப்பு. பிறகு மெல்லிய ஒளியிழையைக் கட்டி வரை இறக்கி, 630 நானோமீட்டர் சிவப்பு லேசர். மருந்து அந்த ஒளியை வாங்கிப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடுகிறது. உசுப்பேறிய ஆக்சிஜன் எதிரில் பட்டதைச் சிதைத்துவிட்டு, அந்தச் செல்லைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் காரியம்.

கே: யார் கண்டுபிடித்தது? (தென்காசி வாசகி)

ப: இடி மழை. மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சீக்கிரம் செத்தது, இன்னொரு நாள் சாகவே மாட்டேன் என்றது. அடம்பிடித்த நாளில் வெளியே மழை இருட்டு! இதை அவர் எழுதியது 1900-ல்.

கே: நானோ துகள் கூரியர் மாதிரி மருந்தை நேராகக் கட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுமாமே? (திருப்பூர் வாசகர்)

ப: கூரியர்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார். டொரான்டோவில் வாரன் சான் குழு, பத்தாண்டு ஆய்வுகளை அலசி 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது, நடுமதிப்பில், 0.7 சதவீதம். ஆயிரம் பார்சலில் ஏழு! மிச்சத்தில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வழிமறித்துக்கொள்கின்றன.

நம்பிக்கை வந்த கதையும் சுவையானது. கட்டி அவசர அவசரமாக ரத்தக்குழாய் போட்டுக்கொள்கிறது. அவசர வேலை, சுவரெல்லாம் ஓட்டை. பெரிய புரத மூலக்கூறுகள் அதில் கசிந்து உள்ளேயே தங்கிவிடும் என்று ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986-ல் காட்டினார்கள். நானோ துகளும் அப்படியே தங்கும் என்று நம்பினார்கள். ஆனால் எல்லா மனிதக் கட்டியும் அவ்வளவு மோசமான கொத்தனார் இல்லை.

ஆனாலும் இந்த ஒளி வைத்தியத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதாரணக் கீமோ மருந்து விலாசம் தப்பினால் போன இடத்தையும் படுத்தும். ஒளிக்கு மசிகிற மருந்து கல்லீரலில் போய் விழுந்தாலும், அங்கே விளக்குப் போட ஆளில்லை. சும்மா கிடக்கும்.

கே: அப்புறம் எதற்கு நானோ? (கும்பகோணம் வாசகி)

ப: ரவையை அவசரப்பட்டுக் கொட்டினால் உப்புமா கட்டிதட்டுமில்லையா? இந்த மருந்துகள் பலவும் தண்ணீரில் கரையாமல் அப்படித்தான் கட்டிதட்டும். கட்டிதட்டியது ஒளியை வாங்கும், ஆக்சிஜனுக்குக் கொடுக்காது. லைபோசோம் என்கிற கொழுப்பு உறைக்குள் வைத்தால் பிரிந்து நிற்கும். இப்படி உறையில் வந்த வெர்டிபோர்ஃபினுக்கு 2000-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. புற்றுநோய்க்கு அல்ல, வயதானவர்களின் விழித்திரைக் கோளாறுக்கு!

கே: போட்டோஃப்ரின் போட்ட என் அத்தையை ஒரு மாதம் வெயிலில் போகாதே என்கிறார்கள். இருட்டறையில் வைக்கவா? சீரியல் பார்க்கலாமா? (மதுரை வாசகர்)

ப: தாராளமாகப் பார்க்கட்டும். தோலில் மிச்சமிருக்கும் மருந்து சுள்ளென்ற வெயில் பட்டால் அங்கேயும் வேலையைக் காட்டிவிடும். சன் ஸ்கிரீன் உதவாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இங்கே வம்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில். ஆனால் இருட்டில் அடைக்காதீர்கள். மிதமான வீட்டு வெளிச்சம் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கச் செய்யும். வடாம் காயப்போட மட்டும் மொட்டைமாடிக்கு அனுப்பாதீர்கள். மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

கே: பேப்பரில் தினமும் 'எலிக்குக் குணமானது' என்கிறார்கள். நமக்கு எப்போது? (சேலம் வாசகர்)

ப: இருட்டில் செல்போன் டார்ச்சை விரல்நுனியில் அழுத்திப் பாருங்கள், சிவப்பாகத் தெரியும். வயிற்றில் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் ஒன்றும் தெரியாது. சிவப்பு ஒளி சதைக்குள் போவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். எலிக்குப் பெரும்பாலும் தோலுக்கடியிலேயே கட்டியை வளர்த்து, மேலே முடியையும் மழித்துவிட்டல்லவா விளக்கடிக்கிறார்கள்!