விறாந்தையில ஒரு கொழும்புக் கந்தோர்

வாங்க மருமகன், இருங்க. கல்லடியில சாரத்தோட இருந்துகொண்டு கொழும்புக் கந்தோரில வேலை செய்யிற ஆள் நீங்க. பஸ்ஸில நித்திரை முழிக்கத் தேவையில்ல, சப்பாத்தும் தேவையில்ல. மகளுக்குச் சீதனமாக் குடுத்த வீட்டு விறாந்தை இப்ப கொம்பனியின்ட கிளை எண்டு நானும் ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். வாடகை கேக்கமாட்டன், பயப்படாதீங்க.

ஒள்ளுப்பம் கேக்க இருக்கிறது வேற. அந்த லெப்டொப் பகலில கந்தோர். அந்திப்பட்டா பேரன்ட விளையாட்டுத் திடல். காசு குடுக்காம எங்கயோ இருந்து இறக்கின கார் விளையாட்டாம். சும்மா வந்த சாமான் கூட ஆரைக் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு பாத்தீங்களா? திரையின்ட ஓரத்தில மஞ்சள் துண்டு வேற. அதில பாஸ்வேட்: என்ட மகளின்ட பேரும் கலியாண வருசமும். பாசம் விளங்குது. கள்ளனுக்கும் விளங்கும்.

“எங்களை ஆர் மாமா தேடி வரப்போறான்” எண்டு சிரிக்கிறீங்க. ஒருத்தனும் தேடத் தேவையில்ல. விண்டோசின்ட ரிமோட் டெஸ்க்டொப் 3389 எண்ட வாசலில காத்து நிக்கும். அதை இணையத்துக்கு நேரே திறந்து விட்டா, ஊர் பேர் தெரியாத புரோகிராம்கள் இரவு பகலா வந்து பாஸ்வேட் சொல்லிச் சொல்லிப் பாக்கும். அதுகளுக்குக் கல்லடியும் ஒண்டு, கலிபோர்னியாவும் ஒண்டு.

முகத்துவாரத்தில ஆத்துவாய் வெட்டுறதைப் பாத்திருப்பீங்க. வெள்ளம் வடியட்டும் எண்டுதான் வெட்டுறது. மறுகா வாவித்தண்ணி போன வழியாலயே கடலும் உள்ள வரும். கந்தோர் உங்களுக்கு வெட்டித் தந்த வாயும் அப்பிடித்தான்.

லாஸ்ட்பாஸ் எண்டு அமெரிக்காவில ஒரு கொம்பனி. ஊராரின்ட பாஸ்வேட்டுகளைப் பூட்டி வைக்கிறதுதான் அவங்கட தொழிலே! 2022இல அங்கயே களவு போச்சு. பெட்டகத்தின்ட திறப்பு நாலே நாலு எஞ்சினியர்மாரிட்டத்தான் இருந்தது. கள்ளன் அதில ஒருத்தரின்ட வீட்டுக் கொம்பியூட்டரைப் பிடிச்சான். அதில படம் பாக்கிற பிளெக்ஸ் இருந்தது. அதின்ட ஓட்டையை அடைக்கிற புதுப் பதிப்பு 2020 மே மாசமே வந்திட்டு, மனுசன் போடல்ல. கள்ளன் அதால இறங்கி, அடிக்கிற எழுத்தையெல்லாம் பதியிற ஒண்டை வச்சிட்டுப் பேசாம இருந்தான். ஆள் அவர்தானோ எண்டு மறுபடி பாக்கிற இரண்டாம் பூட்டையும் அந்த எஞ்சினியர் முறையாத் திறந்தவர்தான், மருமகன். திறந்தாப்புறகு அடிச்ச முதன்மைப் பாஸ்வேட்டு நேரே கள்ளன்ட கைக்குப் போச்சு.

நம்மட அரசாங்கம் மட்டும் குறைவா? 2023 ஓகஸ்டில அரசாங்க மின்னஞ்சலைக் கப்பக்காரன் பூட்டினான். பாவிச்சது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். மே 17இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான கடிதங்களுக்குப் பிரதியும் இல்ல. அமைச்சரவை அலுவலகத்துக் கடிதமும் அதோட போச்சு. கச்சேரியில கறையான் தின்டாலும் பாதியாவது மிஞ்சும்!

உங்கட லெப்டொப்பால ஆரும் கந்தோருக்குள்ள போனா, அங்க பதியிறது உங்கட பேர்தான். விசாரணையில “நான் அந்த நேரம் தேத்தண்ணி குடிச்சன்” எண்டு சொல்லுங்க, நம்புவாங்களோ பாப்பம்.

மறுகா, பழுது பாக்கிறன் எண்டு போனில வந்த ஆள் போடச் சொன்ன, தூர இருந்தே கொம்பியூட்டரை ஆட்டிவைக்கிற எனிடெஸ்க் இன்னும் கிடக்கு. அதை இப்பவே அழியுங்க. கந்தோர் தந்த வீபீஎன்னுக்குள்ளால மட்டும் போங்க, வேலை முடிஞ்சா வெளிய வாங்க. பேரனுக்கு வேற கொம்பியூட்டர் வாங்கிக் குடுக்கிறது தாத்தாவின்ட பொறுப்பு. பழசெண்டாலும் குறை சொல்லக்கூடா.

கந்தோர் வேலைக்கெண்டே ஒரு லெப்டொப் அனுப்பச் சொல்லி உங்கட துரைமாருக்குக் கடிதம் எழுதுங்க. எழுத வெக்கமெண்டாக் கொண்டு வாங்க. கச்சேரியில லிகிதரா இருந்தவன் நான். “தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்” எண்டு முடிச்சுத் தாறன், நீங்க கையெழுத்து மட்டும் வைங்க.