சிட், சாமி!

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. முட்டை விலை அஞ்சு பைசா இறங்கினால் ராத்தூக்கம் போய்விடும். மக்காச்சோளக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசாமல் மூட்டை இறங்காது. இப்படிப்பட்டவர் வீட்டில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு லாப்ரடார் குட்டியை விட்டுப் போனால் அவ்வளவுதான், கணக்கெல்லாம் காலி.

பண்ணைக் காவலுக்குக் கிடக்கும் நாய் மணிக்குத் தமிழில்தான் வசவு. குட்டிக்கு மட்டும் இங்கிலீஷ். "சிட், சாமி! சிட், சிட்! உக்காருங் கண்ணு!" அதற்கும் மசியாவிட்டால், பாவம் பசி போலிருக்கிறது என்று பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார். செய்யாத வேலைக்குக் கூலி! பண்ணை ஆட்கள் யாரும் கண்டறியாத சலுகை இது.

உட்காரப் பழக்கும் முறை என்னவோ சுலபம். பட்டாணியளவு தீனியை மூக்குக்கு மேலே தூக்கிக் காட்டினால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும். அவித்த முட்டைத் துண்டே போதும். ஆனால் முட்டை விற்கிற சரக்காயிற்றே! உடைசலைக்கூட பேக்கரிக்குப் போட்டுக் காசாக்குகிறவர், குட்டிக்கென்று டவுனுக்குப் போய் விலை கேட்காமல் பாக்கெட் தீனி வாங்கி வருவார்.

அமெரிக்காவில் பாப் பெய்லி என்பவர், நாய் பழக்குகிறவர்களுக்குக் கோழியைப் பழக்கக் கொடுத்துத்தான் கைப்பழக்கம் வரவைத்தார். கோழி துறுதுறுவென்று அடுத்த வேலைக்குப் போய்விடும். தானியம் ஒரு நொடி பிந்தினால் பாடம் போச்சு. நம்மவரிடம் கோழி ஆயிரக்கணக்கில். சொல்லிப் பாருங்கள். "கோழிக்கு எதுக்குங்க பாடம்? முட்டை வெச்சாச் சரி."

லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணுக் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ்காரர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். மகள் போனில் எச்சரித்தாள். "நம்ம சாமி மீதி மூணுல சேர்த்தி" என்று முடித்துவிட்டார். சாமியோ தீவன மூட்டை எடை போடும் தராசில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறான்.

இப்போது யார் சட்டைப்பையில் கைவிட்டாலும் சாமி டபக்கென்று உட்கார்ந்துவிடுகிறான். அன்றைக்கு முட்டை வியாபாரி பாக்கிப் பணம் எடுக்கக் கைவிட்டார். உட்கார்ந்தான்.

"பாத்தியா, எப்படிச் சொன்ன பேச்சுக் கேக்கறான்!"

"யாரும் ஒண்ணும் சொல்லவே இல்லீங்களே" என்றார் வீட்டம்மா.