செய்மதிக்காரன் பில் அனுப்பமாட்டான்

மாங்குளம் சந்தியிலை, "அண்ணை, டேட்டா முடிஞ்சுது, வழி காட்டுறது நிண்டுபோச்சு, கெதியாய் ரீலோட் போடுங்கோ" எண்டு கடைக்காரனைக் கெஞ்சிக்கொண்டு நிக்கிற தம்பி, கொஞ்சம் இஞ்சாலை வா. காசைப் பொக்கற்றுக்குள்ளை வை. கடைக்காரன் என்னை முறைச்சால் முறைக்கட்டும். நான் அவனுக்குக் குடுக்கவேண்டியது வெத்திலைக்காசு மட்டுந்தான்.

வழி பாக்கிறதுக்கு டேட்டா வேணும் எண்டு உனக்கு ஆரடா சொன்னது? பௌதிகத்திலை 'ஏ' எடுத்தனி எண்டு உன்ர கொம்மா மல்லாவி வரைக்கும் சொல்லித் திரிஞ்சவ. அந்த 'ஏ'யை எங்கை வைச்சிட்டாய்?

உந்தப் போனுக்குள்ளை ரண்டு வேலை நடக்குது, கேள். நீ எங்கை நிக்கிறாய் எண்டு கண்டுபிடிக்கிறது ஒண்டு. உன்னைச் சுத்தி என்ன றோட்டு, என்ன குளம், என்ன சந்தி எண்டு படம் கீறிக் காட்டுறது மற்றது. படந்தான் இன்ரநெற்றாலை வருது, அதுக்குத்தான் கொம்பனிக்காரன் உன்னட்டைக் காசு கழிக்கிறான். நீ நிக்கிற இடத்தைச் சொல்லுறது வானம். அதுக்கு ஒரு சதமும் இல்லை.

அமெரிக்கன் 20,200 கிலோமீற்றர் உயரத்திலை முப்பது சொச்சம் செய்மதியைச் சுத்தவிட்டிருக்கிறான். ஒவ்வொண்டும் நாளுக்கு ரண்டு தரம் உலகத்தைச் சுத்தி வருது. அதுகளை வற்றாப்பளை அம்மன் கோயில் லவுட்ஸ்பீக்கர் எண்டு வைச்சுக்கொள். அது தன்ரபாட்டிலை பாடிக்கொண்டிருக்கும். ஆர் கேக்கினம், எத்தினை பேர் கேக்கினம் எண்டு அதுக்குத் தெரியாது. முள்ளியவளையிலை கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு பாட்டுக் கேட்டதுக்கு ஆரும் உனக்குப் பில் அனுப்பினவையே? உன்ர போனும் மேலை ஒண்டும் அனுப்புறேல்லை, காதை மட்டுந்தான் குடுக்குது. "நான் இன்ன இடத்திலை நிக்கிறன், இப்ப இத்தினை மணி" எண்டு செய்மதி சொல்லும். அந்தச் சொல்லு கீழை வந்துசேர ஒரு செக்கனிலை நூறிலை ஏழு பங்கு மட்டிலை எடுக்கும். எவ்வளவு சுணங்கி வந்தது எண்டு பாத்து, செய்மதி எவ்வளவு தூரத்திலை நிக்குது எண்டு போன் கணக்குப் பாக்கும். மூண்டு செய்மதி இடத்தைச் சொல்லும். நாலாவது ஏனெண்டால், உன்ர போனுக்குள்ளை இருக்கிற மலிவு மணிக்கூட்டைத் திருத்த. செக்கனிலை பத்து லட்சத்திலை ஒரு பங்கு பிழைச்சாலும் 300 மீற்றர் தள்ளிப்போயிடும். புதுக்குடியிருப்புச் சந்தியிலை இறங்கவேண்டியவன் ஆற்றையோ வளவுக்குள்ளை நிப்பான்.

ரஷ்யனும் ஐரோப்பாக்காரனும் சீனனும் தங்கடை தங்கடை செய்மதியளை விட்டிருக்கினம். இப்பத்தையப் போனுகள் கனக்க எல்லாற்றை குரலையும் சேத்துத்தான் கேக்குதுகள். கீழை அடிபடுகிறவை எல்லாம் உன்ர பொக்கற்றுக்குள்ளை ஒற்றுமையாய் இருக்கினம், அதையாவது பாத்துச் சந்தோசப்படு.

நம்பேல்லையெண்டால் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ப் பார். படகு கொஞ்சத் தூரம் ஓடினால் ரவர் சிக்னல் "நான் வாறன் அண்ணை" எண்டு கரைக்குத் திரும்பியிடும். ஆனாலும் வலை போட்ட இடத்தை ஜீபிஎஸ்ஸிலை குறிச்சு வைச்சு, விடியப்புறம் அதே இடத்துக்குப் போய் இழுக்கிறவை இருக்கினம். நடுக்கடலிலை அவைக்கு ஆர் ரீலோட் விக்கிறது?

உந்த ஜீபிஎஸ் முந்தி அமெரிக்க ஆமிக்காரன்ர சாமான், தம்பி. 1983இலை கொரிய விமானம் ஒண்டு வழி தவறிப்போக ரஷ்யன் சுட்டு விழுத்தினான். அதுக்குப் பிறகுதான் சனமும் பாவிக்கலாம் எண்டு றேகன் சொன்னவர். சொல்லிப்போட்டு, சனத்துக்குக் குடுக்கிற சிக்னலிலை வேணுமெண்டு பிழையைக் கலந்து 100 மீற்றர் வரைக்கும் தள்ளிக் காட்டவைச்சாங்கள். குடுக்கிறதைக் குடுத்திட்டுக் கொஞ்சம் கலந்துவிடுறது பால்காரர் மட்டும் எண்டு நினைச்சிருந்தன். 2000ஆம் ஆண்டு மே மாதம் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிப்பாட்டினார். அந்த நேரம் வன்னியிலை நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தம் தெரியுமே? சண்டைக்காலத் தடையாலை ஓமந்தைக்கு இஞ்சாலை ரோச் பற்றரி கொண்டாறதே குற்றம். சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி, டைனமோ கறண்டிலை றேடியோச் செய்தி கேட்டம். சுத்துறவன் களைச்சால் செய்தியும் களைக்கும். உலகத்துக்குத் துல்லியம் வந்த நேரம் எங்களுக்குப் பற்றரி வரேல்லை.

சரி, பழங்கதையை விடு. செய்யவேண்டியதைச் சொல்லுறன். வீட்டிலை வைஃபை இருக்கேக்கை கூகுள் மப்பைத் திற. மேல் மூலையிலை உன்ர வடிவான மூஞ்சை வட்டத்துக்குள்ளை நிக்கும், அதை அமத்து. ஓஃப்லைன் மப் எண்டு ஒண்டு கிடக்கும். அதுக்குள்ளை போனால் ஒரு சதுரம் வரும். வவுனியாவிலை இருந்து ஆனையிறவு வரைக்கும், பூநகரியிலை இருந்து முல்லைத்தீவுக் கடல் வரைக்கும் அதுக்குள்ளை அடங்கப் பிடிச்சு இறக்கு. பேந்து டேட்டாவை நிப்பாட்டிப்போட்டு லொக்கேசனை மட்டும் போட்டுக்கொண்டு ஓடு. மாங்குளத்திலை இருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் மட்டிலை வரும், அதிலை பாதி காடு. ஒட்டுசுட்டானுக்கு இஞ்சாலை சிக்னல் போனாலும் உன்ர நீலப்புள்ளி போகாது. இறக்கின படம் நெடுகக் கிடக்காது, இடைக்கிடை புதுப்பிக்கவேணும். டேட்டா இல்லாட்டில் கூகுள்காரன் வாகனத்துக்குத்தான் வழி சொல்லுவான். நடக்கிறவனுக்கும் பஸ்ஸுக்கும் சொல்லான்.

எனக்கு அதைவிட ஓர்கானிக் மப்ஸ்தான் பிடிக்கும். 2004இலை இங்கிலாந்திலை தொடங்கின ஓப்பின் ஸ்ட்ரீட் மப் எண்ட, ஊர்ச்சனம் தாங்களே கீறுற படத்திலை அது ஓடுது. இலங்கைப் படத்தை ஒருக்கா இறக்கினால் போதும். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை, சைக்கிளுக்கும் நடைக்கும் டேட்டா இல்லாமலே வழி சொல்லும். உங்கடை ஒழுங்கை அதிலை இல்லையெண்டு மூக்காலை அழாதை. நீயே கீறிச் சேக்கலாம். நாள் முழுக்க ரிக்ரொக் பாக்கிற விரல்தானே, ஒரு ஒழுங்கை கீறினால் தேய்ஞ்சுபோகாது.

என்ன முழுசுறாய்? கிழவனுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டோ? பேரப்பெட்டை காட்டித் தந்தவள். நீ கேட்டிருந்தால் உனக்கும் காட்டியிருப்பாள். நீதான் அவளோடை கதைக்க வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்சனி.

இன்னொண்டு. டேட்டா இல்லாமல் முதல்தரம் இடம் பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும். செய்மதியள் எங்கை எங்கை நிக்குது எண்ட விவரத்தை, டேட்டா இருந்தால் போன் இன்ரநெற்றிலை டக்கெண்டு எடுத்துப்போடும். இல்லாட்டில் செய்மதியிட்டையே கேட்டு எழுதவேணும். அது செக்கனுக்கு 50 பிற் வேகத்திலைதான் சொல்லும், எங்கடை விதானையார் கடிதம் வாசிக்கிறது அதைவிடக் கெதி. ஒரு நிமிசம், சில நேரம் கூடவும் போகும். முத்தத்திலை, வானம் தெரியிற இடத்திலை நில். தகரக் கொட்டிலுக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போனைத் தட்டாதை.

ஆஸ்பத்திரி அலுவல் வந்தாலும் உது உதவும். மப்பிலை நீ நிக்கிற இடத்தை அமத்திப் பிடிச்சால் ரண்டு எண் வரும். கிளிநொச்சிப் பக்கம் எண்டால் 9.3, 80.3 எண்டு தொடங்கும். அந்த எண்ணை உன்னைத் தேடி வாறவனுக்கு எஸ்எம்எஸ்ஸிலை அனுப்பு, இல்லாட்டில் வாயாலை சொல்லு. "ஆலமரத்தடியிலை திரும்பு" எண்டு சொன்னால், வன்னியிலை எந்த ஆலமரம் எண்டு அவன் தேடுறது?

கனடா மருமோன்மாரை நினைச்சால்தான் எனக்குச் சிரிப்பு. கட்டுநாயக்காவிலை இறங்கினது தொட்டு றோமிங்கைத் திறந்தபடி விட்டுட்டு, ஹையேஸ் வானிலை முன் சீற்றிலை இருந்து மப்பைப் பாத்துக்கொண்டு வருவினம். கண்டி றோட்டு வவுனியாவிலை இருந்து கிளிநொச்சிக்கு நேரே கிடக்குது, அதுக்கு ஒரு மப்! உள்ளை இருக்கிற வெள்ளைக்காரி "நேரே போ, நேரே போ" எண்டு கத்துவாள். முறிகண்டியிலை றைவர் நிப்பாட்டுவான். தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் ஆரும் அந்த இடத்தைத் தாண்டினவையே? அது வெள்ளைக்காரிக்குத் தெரியாது. மருமோன் திரும்பிப்போய் ரொறன்ரோவிலை பில்லைப் பாத்திட்டு, எங்கடை பிள்ளைக்குப் போன் எடுத்து "உங்கடை ஊர் சரியான செலவு" எண்டு குறை சொல்லுவார்.

ஆனால் உனக்கு ஒரு கதை சொல்லவேணும், இதிலை பகிடி இல்லை. செய்மதி நீ நிக்கிற இடத்தைத்தான் சொல்லும். தாம்போதிக்கு மேலை எத்தினை அடி தண்ணி போகுது எண்டு சொல்லாது. 2018 மார்கழியிலை இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறபட்டு, கிளிநொச்சியிலை வீடு வாசல் றோட்டெல்லாம் தண்ணிக்குள்ளை கிடந்தது. மப்பிலை றோட்டு றோட்டாய்த்தான் இருந்தது. மாரியிலை வட்டுவாகல் பக்கம் போறதெண்டால் ஆரையும் கேட்டிட்டுப் போ. பொழுதுபட்டாப் பிறகு நெடுங்கேணிக் காட்டுக்குள்ளாலை கிட்டின வழி எண்டு அது காட்டினால், யானைக்கும் அது கிட்டின வழிதான் எண்டதை யோசி. மிதிவெடி எண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால், போன் என்ன சொன்னாலும் நிண்டிடு. காசு குடுத்து டேட்டா போட்டாலும் உதுகள் ஒண்டும் அதுக்குத் தெரியாது.

வைகாசியிலை வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறாக்களுக்கும் சொல்லி வைக்கிறன். அந்தச் சனத்துக்குள்ளை போன் லைனே இறுகிப்போகும், டேட்டாவை நம்பாதேங்கோ. மப்பை உங்கடை உங்கடை வீட்டிலையே இறக்கிக்கொண்டு வாங்கோ. என்ர படலையிலை வந்து வைஃபை பாஸ்வேர்ட் கேக்கிற ஆளுக்கு நாயை அவிட்டுவிடச் சொல்லி மனிசியிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன்.