பாலியெஸ்டர் அங்கி

ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் இயேசு தெலுங்கும் பேசுவார். 1978-இல் வந்த ‘கருணாமயுடு’ படத்தில் விஜயசந்தர் சிலுவை சுமந்ததைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அழாமல் எப்படி? இயக்கியவர் ‘பாசமலர்’ பீம்சிங் ஆயிற்றே.

இப்போது தறிச் சத்தத்துக்கு நடுவே செல்போனில் ஓடுகின்றன வேதாகமத் தொடர்கள். நாற்பது நாள் உபவாசம் இருந்தவரின் தாடி, சலூனிலிருந்து நேரே வந்ததுபோல் இருக்கிறது. வனாந்தரத்தில் அலைந்த அங்கியில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. நெசவு தெரிந்த ஊர் இது. அங்கி பாலியெஸ்டர் என்று தார் சுற்றுகிற பெரியம்மாவே சொல்லிவிடுவார்.

துணியை விடுங்கள், கதை? தமஸ்கு வழியில் பவுல் குதிரையிலிருந்து விழுகிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் அந்தக் குதிரையே இல்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் இத்தனை பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை; திரையில் எப்போதும் மூன்று பேர், மூன்று ஒட்டகம். செசில் பி. டிமில் 1956-இல் எடுத்த ‘பத்துக் கட்டளைகள்’ படமோ, மோசேக்கு எகிப்து அரண்மனையில் ஒரு காதலியையே கொடுத்தது. யாத்திராகமத்துக்கு அந்த விஷயம் தெரியாது. செங்கடல் பிளந்தால் மட்டும் போதுமா, டிக்கெட் விற்க வேண்டாமா?

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘கர்ணன்’ படம் பார்த்துவிட்டு மகாபாரதம் அத்துப்படி என்று சொன்னவர்கள்தானே!

படம் பாருங்கள், தாராளமாக அழுங்கள். வேத வினாடி வினாவில் பவுலின் குதிரை என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் கையைத் தூக்கிவிடாதீர்கள்.