படம் இருக்கு, ஆள் யாரு?

கேள்வி: போனில் நாற்பதாயிரம் படம் சேர்ந்துவிட்டது. அடுக்குவதை எங்கே தொடங்குவது? (ஒரு வாசகி, மத்திகிரி)

பதில்: கழிப்பதில். நம் ஓசூர் எல்லைப் பக்கத்தில் காலை வணக்கமே தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என மூன்று ரோஜாப்பூவாக வருகிறது. முதலில் அவற்றைத் தள்ளுங்கள். அடுத்து ரீசார்ஜ் ஸ்கிரீன்ஷாட். பிறகு, குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஏழு படங்கள். கண் திறந்திருக்கும் ஒன்று போதும்.

கேள்வி: தேதிவாரியாக போல்டர் போட்டேன். மாமன் மகள் கல்யாணம் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதே? (நைட் ஷிப்ட்காரர், சிப்காட்)

பதில்: படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவையா? எடுத்த நாள், நேரம், அனுமதித்திருந்தால் இடம் எல்லாவற்றையும் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்பார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அதை உதிர்த்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு 'டாக்குமெண்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். போல்டர் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும், 2024-01-16 என்று. தேதி எண்ணை முதலில் போட்டால் எல்லா வருடத்துப் பதினாறாம் தேதிகளும் தோளோடு தோள் நிற்கும்.

கேள்வி: கம்பெனிக்குள் எடுத்த படங்களை எந்த வகையில் சேர்க்கலாம்? (பெயர் வேண்டாம் என்றவர், ஓசூர்)

பதில்: கேட்டில் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் எடுத்தீர்களா? 'ஆதாரம்' என்ற வகையில்.

கேள்வி: டேக் போடுவது வேலையற்றவர் வேலைதானே? (ஓர் ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

பதில்: உங்கள் ஊர் ராகிக் காட்டுக்கு வரும் விருந்தாளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய ஆண் யானைகளைப் பற்றி நிஷாந்த் ஸ்ரீனிவாசய்யா குழுவினர் 2019-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 23 மாதங்களில் சேர்ந்த படப் பதிவுகள் 1,445. அவற்றில் தனித்தனியாக அடையாளம் கண்ட யானைகள் 248. காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, வால் முடி, இவைதான் யானைக்கு முகஜாடை. யார், எங்கே, எப்போது, யாரோடு என்று குறித்து வைத்ததால்தான் ஒரு சங்கதி வெளியே வந்தது. தனியாகத் திரிவதாக நாம் நினைத்திருந்த இளம் ஆண் யானைகள், பயிர்க்காட்டுப் பக்கம் வரும்போது செட்டு சேர்ந்துகொள்கின்றன. குறிப்பில்லாமல் கிடந்திருந்தால் 1,445 படத்திலும் வெறும் யானைதான். உங்கள் வீட்டுக்கும் யார், எங்கே, எப்போது, என்ன விசேஷம் என்ற நாலு போதும். அதற்கு மேல் போடுகிறவர் அடுத்த மாதமே ஓய்ந்துவிடுவார் என்பது என் கணிப்பு.

கேள்வி: கூகுள் போட்டோஸே முகம் பார்த்துப் பிரிக்கிறதே? (பர்கூர் வாசகர்)

பதில்: பிரிக்கும். சில சமயம் அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளாக்கியும் வைக்கும். பாகப்பிரிவினை நடக்கிற வீடுகளில் ஜாக்கிரதை. இன்னொன்று, படங்களை அடுக்க உதவிய பிக்காசா மென்பொருளை நிறுத்தியதும் அதே கூகுள்தான், 2016-ல். அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-ல் முடிந்தது. இப்போது 15 ஜிபி, அதிலும் மெயிலுக்குப் பங்கு. ஆகவே குறிப்பு படக் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் அப்படி எழுதலாம்.

கேள்வி: 'ஓசூர்' என்று தேடினால் பாதிதான் வருகிறது. (ஜுஜுவாடி வாசகி)

பதில்: மீதி 'ஒசூர்', 'ஹோசூர்' என்று ஒளிந்திருக்கும். வீட்டுக்கு ஒரே எழுத்து முறை என்று முடிவு செய்யுங்கள். உறவுமுறையையும் டேக்காகப் போடாதீர்கள். உங்களுக்கு அத்தை, உங்கள் மகனுக்குப் பாட்டி. பெயரைப் போட்டால் இருவருக்குமே கிடைப்பார்.

கேள்வி: நாற்பது வருட ஸ்டுடியோ. எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். நெகட்டிவ்களை எடைக்குப் போடலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: ஒரே டிஸ்க்கா? மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பதே புகைப்படக்காரர்களின் கணக்கு. மாமியார் வீட்டுக்கு ஒன்று கொடுத்தனுப்புங்கள். நெகட்டிவ்களைத் தொடவே வேண்டாம். பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கியவர்கள் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார். நீங்கள் எடைக்குப் போடுவதை அவர்கள் ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்கள். அச்சுப் படங்களில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இருக்கும்போதே பின்பக்கம் பெயர் எழுதிவிடுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.