கால் வேலி நிலம் இருந்தால்தான் டவர் கிடைக்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துச் சபையார் வெட்டி வைத்த கல்வெட்டை, ஜனநாயகத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பொறுமையாகப் படித்துப் பார்த்தால், யாரையெல்லாம் உள்ளே விடக்கூடாது என்பதில்தான் அந்தக் கல்லில் பாதி கரைந்திருக்கிறது.

919-ல், ராஜாவின் ஆளாகத் தத்தனூர் மூவேந்தவேளான் வந்து உட்கார, சபை விதி போட்டது. ஊர்க் காரியம் பார்க்கும் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பேர் எழுத வேண்டுமா? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிய வேண்டும். வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே வருஷம். 921-ல் சோமாசிப் பெருமான் முன்னிலையில் அப்டேட் வந்துவிட்டது. வயது 35-க்கு மேல், 70-க்குள் என்று மாறிற்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக்கூடாது. அவன் சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன், மருமகன் என்று கல்யாணப் பத்திரிகையில் பேர் போடுகிற ஒருத்தரும் வரக்கூடாது.

இதில் எனக்குப் பாவமாக இருப்பது 919-ல் 32 வயதாக இருந்த ஆசாமிதான். அன்றைக்குத் தகுதி இருந்தது. 921-ல் 34 வயதில் தகுதி போய்விட்டது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு வயது கூடியதுதான் அவர் செய்த காரியம்.

‘நான் யாருக்கும் அடிமையில்லை, என்னைக் கட்டிப்போட ஆளில்லை’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவர் அந்த மண்டபத்தில் நுழைந்திருந்தால், சபையார் “ரொம்ப சந்தோஷம். நிலம் எவ்வளவு?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அன்லாக் செய்த போனின் கதையும் இதேதான். விற்ற கம்பெனி ‘என் சிம் மட்டும்தான்’ என்று மென்பொருளில் ஒரு பூட்டுப் போட்டிருக்கும். அதைக் கழற்றுவதுதான் அன்லாக். அவிழ்த்துவிட்ட மாட்டை அடுத்த வீட்டுக்காரன் தொழுவத்தில் கட்டித் தீவனம் போட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் இந்தக் கூத்து ரிலையன்ஸோடு ஆரம்பித்தது. 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில். அதுவரை செல்போனை அரிசி மில் முதலாளி இடுப்பில் மட்டுமே பார்த்த சனங்களுக்கு 501 என்பது மொய் எழுதுகிற தொகை. வாங்கிக் குவித்தார்கள். பின்பக்கம் திறந்தால் பேட்டரி இருக்கும், சிம் இருக்காது. நம்பரைப் போனுக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தார்கள். ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் பேசியது சிடிஎம்ஏ வேதம். ஏர்செல், ஏர்டெல் சாகை வேறு, ஜிஎஸ்எம். ஒன்றுக்கு மற்றது புரியாது. 2011 ஜனவரியில், நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று சர்க்கார் நாடு முழுக்கத் திறந்துவிட்டபோது நம்பர் சுலபமாகத் தாவியது. போன் தாவவில்லை. எத்தனையோ ரிலையன்ஸ் போன்கள் அப்படித்தான் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமானாகப் போய்ச் சேர்ந்தன.

ஏர்செல் கதை இதைவிட விசேஷம். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க டவர் படுத்துக்கொண்டது. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எஸ்.எம்.எஸ். போக டவர் வேண்டும். மாடி மேலும் ஏரிக்கரை மேலும் ஏறி நின்று, போனை ஆகாசத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு புள்ளி சிக்னலுக்காகச் சனங்கள் சூரிய நமஸ்காரம் செய்தார்கள்.

இதற்கு நடுவே 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. இலவசம் என்றதும் ஆதார் அட்டையோடு க்யூ. அந்தச் சபையின் விதி இதுவரை இல்லாத விதி: 2ஜி கிடையாது, 3ஜி கிடையாது, 4ஜி மட்டும்தான். பேச்சும் அதிலேயே, வோல்ட்டி வழியாகத்தான் போக வேண்டும். 4ஜி போனாகவே இருந்தாலும் வோல்ட்டி தெரியாவிட்டால் சினிமா ஓடும், “அலோ” சொல்ல முடியாது. அதற்கென்று தனியாக ஒரு ஆப் போட்டுக்கொண்டு பேசினார்கள். இந்தப் பக்கம் ஏர்டெல் 3ஜியை மூடியது. 3ஜி போன் வைத்திருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக 2ஜிக்கு இறங்கினார்கள். 34 வயதுக்காரர் மறுபடி பிறந்து வந்தது போல.

நிலம் என்கிற சமாச்சாரம் அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் போன் அனுப்பும்போது தெரியவரும். இங்கே ஜியோ 4ஜி பயிர் செய்வது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் வயல்களில். அங்கே விற்கிற போனுக்கு 600, 700, 1700, 1900 என்று வேறு ஊர்ப் பட்டா. விலை கூடின மாடல்கள் எல்லா ஊரிலும் நிலம் வைத்திருக்கும் மிராசுகள். எங்கே போனாலும் பிழைக்கும். மலிவு மாடல்கள் ஒரே ஒரு வயலின் வரப்பில் ஒண்டிக்கொண்டு நிற்கும். சாம்சங்காக இருந்தால் மாடல் நம்பரின் கடைசியில் ‘யு’ என்ற எழுத்தைப் பார்த்ததுமே கடைக்காரத் தம்பிக்கு முகம் சுருங்கிவிடும்.

ஐபோன் 14 இன்னும் ஒருபடி மேலே. அமெரிக்காவில் விற்றதற்குச் சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு பெரியவர் அதை நீட்டினார். பையன் ஊசியை எடுத்துக்கொண்டு நான்கு விளிம்பையும் தடவிப் பார்த்தான்.

“குத்தறதுக்கு ஓட்டையே இல்லியே, ஐயா.”

“நல்லா பாருப்பா. லட்ச ரூபா வாங்குறவன் ஓட்டை போடாமயா வுட்டிருப்பான்?”

5ஜி வந்த பிறகாவது எல்லாரும் ஒரே வேதம் பேசுவார்கள் என்று பார்த்தால், 2022 அக்டோபரில் ஏர்டெல் 4ஜி முதுகில் ஏறி உட்கார்ந்த 5ஜியைக் கொண்டுவந்தது. ஜியோ தனிக்குடித்தன 5ஜியை. ஐபோன்காரர்கள் கையில் 5ஜி போனையும் எதிரில் 5ஜி டவரையும் வைத்துக்கொண்டு, ஆப்பிளின் அப்டேட்டுக்காக டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

நாமே இங்கிருந்து போனோடு போனால் என்ன ஆகும்? 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி கம்பெனி அமெரிக்காவில் 3ஜியை மூடியது. எந்தெந்த மாடல் உள்ளே வரலாம் என்று பட்டியலே போட்டது. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் அலைவரிசை பொருந்தினாலும், வோல்ட்டி தெரிந்தாலும், வெளியேதான். மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போகிற நம் அம்மாக்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த சிம்மில் டவர் வரவில்லையா, வீட்டு வைஃபையில் வாட்ஸப்பைத் திறந்து, இங்கே விடியற்காலை நாலு மணிக்கு அக்காவை எழுப்பி, அந்த ஊரில் ஒரு கட்டு வெந்தயக்கீரை என்ன விலை என்று முக்கால் மணி நேரம் சொல்கிறார்கள்.