குதிரைக்கு 614, பையனுக்கு 120

ஏழைப் பையன் கையில் பந்தைக் கொடுத்தால் அரிவாளைத் தொடமாட்டான். மேடைதோறும் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்களுக்குத்தான் இன்னும் வாய் வலிக்கவில்லை. சென்னை அடையாறில் டென்னிஸ் பயிற்சிக்குக் காரில் வந்து இறங்கும் பையனைப் பார்த்து, "நல்லவேளை, இவன் டென்னிஸ் ஆடுகிறான், இல்லாவிட்டால் செயின் பறிக்கக் கிளம்பியிருப்பான்" என்று யாரும் பெருமூச்சு விட்டதில்லை. அவன் ஆடினால் ஆட்டம். வடசென்னை வியாசர்பாடிப் பையன் ஆடினால் வைத்தியம். அவனுக்கு வியாதி இருப்பதாக எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்காதீர்கள். அவன் வீட்டுப் பின்கோடு சொல்கிறது, போதாதா?

வைத்தியம் நடக்கும் முறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். "காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவுப் போட்டி" என்று ஃபிளெக்ஸ். அதில் அதிகாரிகள் ஆளுயரத்துக்கு நிற்பார்கள், வட்டச் செயலாளர் முதல் வட்டிக்கடைக்காரர் வரை தலைகாட்டுவார்கள். ஆடப்போகிற பையன்களுக்கு மட்டும் அதில் இடம் இருக்காது. ஒன்பது மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே பையன்களை வெயிலில் நிறுத்திவிட்டால், பதினொன்றுக்கு வண்டி வரும். அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு மட்டை பிடிப்பார். காவலர் ஒருவர் பந்தைத் தரையோடு தரையாக உருட்டுவார். முதல் பந்து போகும், இரண்டாவதும் போகும். மூன்றாவது பந்தே வந்து மட்டையில் மோதிக்கொள்ளும். கைதட்டல், போட்டோ, பொன்னாடை. பிறகு வலக்கையை நீட்டி, போதைப் பழக்கத்துக்கு ஆளாகமாட்டேன் என்று பத்து வயதுப் பையன்கள் உறுதிமொழி எடுப்பார்கள். விற்கிறவர்கள் இப்படிக் கையை நீட்டி உறுதிமொழி எடுத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் எப்படி எடுப்பார்கள்? பெரிய கடையே அரசாங்கத்துடையது. மது விற்கும் டாஸ்மாக்கை 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி நிறுவியது; 2003-இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது; தி.மு.க. ஆட்சியில் 2024-25-இல் அதன் வருவாய் 48,344 கோடி ரூபாயைத் தொட்டது. எதில் சண்டை போட்டாலும் இதில் மட்டும் இரு கழகங்களும் ஒரே அணியாக ஆடியிருக்கின்றன. அடுத்த நிதியாண்டில் இளைஞர் நலன், விளையாட்டுத் துறைக்கு ஒதுக்கியது 572 கோடி. அப்பன்களிடம் வாங்கியதில் எண்பதில் ஒரு பங்குகூட இல்லை, அதைப் பிள்ளைகளுக்குப் பந்தாக வாங்கிக் கொடுக்கிறோம். அந்தப் பந்தை உதைத்துவிட்டுப் பிள்ளை நல்லவனாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் அவன் பிறவிக் குணம்.

நல்லுறவுப் போட்டி முடிந்த மறுவாரம் அதே பையன் இரவு ஒன்பது மணிக்குத் தெருமுனையில் நாலு பேரோடு நிற்பான். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்க வேண்டும். தெருமுனையை விட்டால் அவனுக்கு வரவேற்பறை கிடையாது. ஜீப் வந்து நிற்கும். "எந்த ஏரியாடா? என்னடா முடி இது?" கைகுலுக்கிய அதே கை இப்போது முடியைப் பிடிக்கும். விதி சரியில்லை என்றால் ஸ்டேஷன் வரை நல்லுறவு நீளும். அங்கே கழிவறைத் தரை வழுக்கும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிவறை மகிமை ஊரறிந்தது. உள்ளே போகும்போது இரண்டு கையும் வீசிப் போனவன், வெளியே வரும்போது மாவுக்கட்டோடு வருகிறான். கைதானவர்கள் மட்டும்தான் அங்கே வழுக்கி விழுவார்களா என்று சென்னை உயர்நீதிமன்றமே கேட்டுப் பார்த்துவிட்டது. போன வாரம் ஆஃப் ஸ்பின் போட்ட கை அது. அந்த மாவுக்கட்டின் மேல் "விளையாட்டால் நல்வழி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் திட்டம் முழுமை பெற்றுவிடும்.

2022 செப்டம்பரில் 'சிற்பி' என்றொரு திட்டம் வந்தது. சென்னையில் 100 அரசுப் பள்ளிகள். பள்ளிக்கு 50 பேர். எல்லாரும் எட்டாம் வகுப்பு. செலவு 4 கோடியே 25 லட்சம். காவல்துறை நேரே வந்து ஒழுக்கமும் பொறுப்பும் சொல்லிக்கொடுக்கும். நல்லதுதான், பிள்ளைகளுக்குச் சட்டம் தெரியட்டும். ஆனால் ஆண்டுக்குச் சில லட்சம் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பள்ளியின் எட்டாம் வகுப்புக்கு ஏன் யாரும் போகவில்லை? பதினெட்டு வயது ஆகும் முன்பே அப்பாவின் சொகுசுக் காரை எடுத்து நடைபாதையில் ஏற்றுகிறவன் கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்தவனா? பொறுப்பு யாருக்குக் குறைவு என்று காக்கி தீர்மானிப்பதற்கு முன்பே கட்டண ரசீது தீர்மானித்துவிடுகிறது.

இந்த வைத்தியத்துக்கு வெளிநாட்டுச் சான்றிதழும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து கிளெனார்டனில் 1986-இல் நள்ளிரவுக் கூடைப்பந்து தொடங்கினார்கள். 17 முதல் 21 வயது இளைஞர்கள் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை தெருவில் திரியாமல் பந்து ஆட வேண்டும். போலீஸ் உடன் இருக்கும். தொடங்கியவர் மனத்தில் கள்ளம் இல்லை. ஆனால் 1994-இல் கிளின்டனின் குற்றத்தடுப்புச் சட்டத்தில் இதற்கும் பணம் என்றதும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை. பந்து கொடுத்தால் குற்றம் குறையும் என்றது ஒரு தரப்பு. குற்றவாளிக்கு வரிப்பணத்தில் பந்தா என்றது மறுதரப்பு. கறுப்பினப் பையன் குற்றவாளி என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. அதே சட்டம் சிறைச்சாலைகளுக்கு ஒதுக்கியது 970 கோடி டாலர். பந்து கைக்கு வருமுன்பே சிறையில் அவனுக்கு அறை தயார்.

விளையாட்டை மருந்தாக்கினால் வரும் கேடு இதோடு நிற்பதில்லை. மருந்து நோயாளிக்குத்தானே? ஆக, மைதானம் வேண்டும் என்கிற தெரு முதலில் தன் நோயை நிரூபிக்க வேண்டும். மனு கொடுத்தால் கோப்பு ஊறும். நாலு பஸ் கண்ணாடியை உடைத்தால் 'இளைஞர் நல்வழி' என்று ஓடிவருவார்கள். ஒழுங்காக இருந்த தெருவுக்கு ஒன்றும் கிடையாது. பெண் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் பஸ்ஸில் 'ரூட்டுத் தல' ஆவதில்லை, கத்தி தூக்குவதில்லை, கேக்கை வாளால் வெட்டி ரீல்ஸ் போடுவதும் அபூர்வம். அதனால் அவர்களுக்கு மைதானமே தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. யாரையும் பயமுறுத்தாத குற்றத்துக்கு அவர்கள் வீட்டுக்குள் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

இருக்கிற மைதானத்தை என்ன செய்தோம் என்றும் பார்த்துவிடலாம். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல்தரை போட்ட 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுப்பது. ஆடுகிறவர் ஆளுக்கு, மணிக்கு 120 ரூபாய் கட்டுவது. வடசென்னை மைதானங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஊரே கொதித்ததும் அவசரமாகத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றார்கள் என்பது சரி. முதலில் அதை எழுதிய கை யாருடையது? மீன்பாடி வண்டிக்காரர் மகன் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 120 ரூபாய் கொண்டுவருவான் என்று எந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்? ஒருபுறம் "கெட்டுப்போகாதே, வா விளையாடு" என்று ஃபிளெக்ஸ். மறுபுறம் வாசலில் டிக்கெட் கவுன்ட்டர்.

இந்த நகரத்தில் எல்லாருக்கும் இதே விலை என்று நினைத்துவிடாதீர்கள். கிண்டியில் ரேஸ் கிளப்பின் குதிரைப் பந்தயத்துக்கு 160 ஏக்கர் அரசு நிலம் இருந்தது. 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை. வாடகை, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 பைசா. அந்தப் பதின்மூன்று பைசாவைக் கவனியுங்கள், அரசாங்கம் கறாராகப் பேரம் பேசியிருக்கிறது! இப்போது பையன்களின் கணக்கைப் போடுங்கள். பதினோரு பேர், ஆளுக்கு 120. ஒரு மணி நேரத்துக்கு 1,320 ரூபாய். 160 ஏக்கரில் இரண்டு வருடம் குதிரை விடலாம், மிச்சப் பணத்தில் டீயும் குடிக்கலாம். 1970 முதல் உயர்த்தப்பட்ட வாடகையைக் கட்டாமல் சேர்ந்த பாக்கி 730 கோடிக்கு மேல். கட்டு என்று 2023-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் இழுத்த இந்தக் கதையில் எந்தக் கிளப் உறுப்பினரையாவது சந்தேகக் கேஸில் தூக்கினார்களா? நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கினார்களா? "இவர்களை நல்வழிப்படுத்த ஒரு கேரம் போர்டு வாங்கிக் கொடுப்போம்" என்று யாராவது நன்கொடை வசூலித்தார்களா?

வண்டிப் பந்தயத்திலும் இதே கதைதான். இரவில் கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் விடும் பையன்களைப் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டும், அவன் சாவதோடு சாலை ஓரம் நடக்கிறவனையும் கொல்கிறான். 2024 ஆகஸ்ட் 31-இலும் செப்டம்பர் 1-இலும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்கு நகரத்துச் சாலைகளையே அடைத்து, விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 காரோட்டம் நடத்தினார்கள். பாதுகாப்போடு நடந்தது, சரி. வேகத்தின் மேல் ஆசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவனுக்கு நகரமே ஒதுங்கி வழிவிட்டது; மற்றவனுக்கு வண்டி ஓட்டிப் பழக ஒரு திடல்கூட இல்லை.

கண்ணகி நகருக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்தவர்களை வாரிக் கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். வேலை ஒரு கோடியில், பள்ளி ஒரு கோடியில், வீடு மறு கோடியில். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கிறவர் யோசிப்பார், கடன் கொடுக்கிறவர் கையை விரிப்பார். 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரமாண்ட ஓவியங்கள் தீட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சுவரில் ஏறிய நிறம் முகவரியில் ஏறவில்லை. 2025 அக்டோபரில் அந்த ஊர்ப் பெண் கார்த்திகா பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வாங்கி வந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வாழ்த்துகளை உற்றுக் கேட்டீர்களா? "அப்படிப்பட்ட இடத்திலிருந்து இப்படி ஒரு பெண்ணா!" அப்படிப்பட்ட இடத்தை அப்படி ஆக்கியவர்கள் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கரையேறிவிட்டாள், இனி கரையேறாத மற்றவர்களைக் குற்றம் சொல்ல வசதியாயிற்று. "மனசு வைத்தால் முடியும், பார்த்தாயா?"

விளையாட்டால் பிள்ளைகள் மாறுவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மாறுகிறார்கள். வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் அதை நடத்திக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபிளெக்ஸ் கிடையாது. கிழிந்த ஷூவைத் தைத்துக் கொடுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பாடம் படிக்க உட்காரவைப்பார்கள். ரெண்டு நாள் வராத பையன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். போட்டோவுக்கு நின்றவர் மாற்றலாகிப் போன பிறகும் பயிற்சியாளர் அங்கேயே இருக்கிறார். பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது பந்து அல்ல, தினமும் வருகிற அந்த மனிதர். அவருக்கு மாதச் சம்பளம் கொடு என்றால் விதியில் இடமில்லை என்பார்கள். பல பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியர் இல்லை. இருக்கிற இடத்தில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்கிறார்.

எனவே பெரியவர்களே, உங்கள் வைத்தியம் வேண்டாம். மைதானத்துக்குப் பூட்டுப் போடாதீர்கள். விளக்குப் போடுங்கள், தண்ணீர்க் குழாய் போடுங்கள், பெண்களுக்குக் கழிவறை கட்டுங்கள், வழுக்காத தரையோடு. பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுங்கள். அதற்குப் பதிலாகப் பையன் திருந்திக் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்காதீர்கள். அவன் தோற்கலாம், சோம்பலாக ஆடலாம், ஒரு மெடலும் வாங்காமல் சும்மா உதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கலாம். அடையாறு பையனுக்கு அந்த உரிமை இருக்கிறது. 730 கோடி பாக்கியை அரை நூற்றாண்டு கேட்டுக் கேட்டு வாங்க முடியாத அரசாங்கம், பதினாறு வயதுப் பையனிடம் மட்டும் நன்னடத்தையை ரொக்கமாகக் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.